இஸ்திரிப் பெட்டிமேல் விழுந்த பழி

என் அக்காவுக்குக் கோபம் வராது. அவள் பங்குக்கும் சேர்த்து எனக்கு வரும். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்களிடம் நாளெல்லாம் உயிரை ஒப்படைத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிழைப்பவள். எனக்குப் பொறுமை அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அக்காவுக்கு நேர்ந்ததைச் சொல்ல உட்கார்ந்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதனால் நடுநடுவே கத்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா லாண்டரி வைத்திருந்தாள். தெருமுனையில், மருந்துக்கடைக்கு நேர் எதிரே, ஆள் ஒருக்களித்து நுழைகிற மாதிரி ஒடுக்கமான கடை. ஒரு நீள மேசை, சுவருக்குச் சுவர் கட்டிய கம்பிகள், கம்பி நிறைய ஹேங்கர்கள். தெரு முழுக்க அவளுக்கு மடிப்பக்கா என்றுதான் பெயர். முழுக்கைச் சட்டையின் கையில் ஒரே ஒரு மடிப்புதான் விழவேண்டும். தப்பித்தவறி இரண்டு விழுந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவனுடைய கசங்கிய காலரைப் பார்த்துவிட்டு, "அம்மா, இவரு துணி வேற, நான் வேற" என்று உள்ளே போய்விட்டவள். எங்கள் அம்மா அதற்கப்புறம் அவளிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தொழிலில் அவளுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, சட்டைப்பையில் எது கிடைத்தாலும், பட்டனோ சாவியோ பஸ் டிக்கெட்டோ, ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தத் துணியிலேயே ஊக்கால் குத்தி அனுப்பிவிடுவாள். அது யாருடையது, எப்படி வந்தது என்று யோசிக்கிற வேலையெல்லாம் அவளுக்குக் கிடையாது. இன்னொன்று, இஸ்திரிப் பெட்டியின் வயர். அவளுடையது கனமான பழைய பெட்டி, வயரைத் தனியாகக் கழற்றிவிடலாம். சாயங்காலம் கடையைப் பூட்டுமுன் வயரைக் கழற்றிச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். வயர் இல்லாத பெட்டி வெறும் இரும்பு. அதை யாரும் மறந்துபோய்ச் சூடாக விட்டுவிட்டு வரமுடியாது. "என்னக்கா, பாம்பாட்டி மாதிரி பைக்குள்ள வச்சிருக்க" என்று தெருவே கேலி செய்யும். அவளும் சிரித்துக்கொண்டு வருவாள்.

இது தெருவே பார்த்த விஷயம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தெரு வைத்துக்கொள்ளவில்லை.

எதிர்க்கடை மருந்துக்கடைக்காரி அவளுக்கு உயிர்த்தோழி. இரண்டு பேரும் நடு மத்தியானத்தில் வியாபாரம் ஓய்ந்த நேரம் பார்த்து ஒரே பிளாஸ்கிலிருந்து டீ குடிப்பார்கள். அவள் கணவர்தான் முதலில் அந்தக் கடையை நடத்தியவர். அவர் தவறிப்போனபிறகு அவருடைய வெள்ளைக் கோட்டு கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது. யாரும் போட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் தூசி படிந்துவிட்டது என்று அவ்வப்போது எடுத்துக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுப்பாள். அக்காவும் ஏதோ நாளைக் காலையில் டியூட்டிக்குப் போகிறவருடைய கோட்டு மாதிரி துவைத்து, காலரை நிமிர்த்தி, தேய்த்துக் கொடுப்பாள். இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அந்தக் கோட்டு அக்காவின் கடையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபிறகு, பொழுது சாய்கிற நேரத்தில்தான் கடை எரிந்தது.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது தீயணைப்பு வண்டி தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஊராருடைய சட்டையும் சேலையும் கரிக்கட்டியாய் ஒழுகிக்கொண்டிருந்தன. அக்கா தெரு நடுவில் அப்படியே நின்றாள். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பேச்சு கிளம்பியது: "இஸ்திரிப் பெட்டிய அணைக்காம போயிட்டாளாம்." யார் சொன்னது, யாருக்குத் தெரியும்? மறுநாள் விடிவதற்குள் தெருவில் ஒவ்வொருவரும் அந்தப் பெட்டி சிவக்கச் சிவக்கக் காய்ந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர்போல் பேச ஆரம்பித்துவிட்டார். அக்கா பையைத் திறந்து வயரைக் காட்டினாள். "பாருங்க, வயர் என்கிட்ட இருக்கு" என்றாள். பக்கத்துத் தையல்காரர், "வேற வயர் ஒண்ணு இருந்திருக்கும்மா, மறந்திருப்ப" என்றார். எவ்வளவு இரக்கமான குரல் தெரியுமா! அறைந்திருக்கலாம்.

அந்த வாரமே ஆள் பிடிபட்டான். மருந்துக்கடை வாசலில் இருந்த கேமராவில், பக்கத்துச் சந்திலிருந்து ஒருவன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. ஆளும் தெரிந்த ஆள்தான். வீடுவீடாகப் பார்சல் கொண்டுவந்து போடுகிற பார்சல்காரன். அவனுடைய சீருடைச் சட்டைகள்கூட அக்காவிடம்தான் வரும். அப்பாடா, பழி தீர்ந்தது என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று எனக்குக் கோர்ட்டில்தான் புரிந்தது.

அவன் போலீஸில் என்ன சொன்னான் தெரியுமா? திருடத்தான் பின்பக்க ஜன்னலை உடைத்து உள்ளே போனானாம். உள்ளே போனால் இஸ்திரிப் பெட்டி ஏற்கெனவே காய்ந்து, துணியில் புகை வந்துகொண்டிருந்ததாம். பயந்து ஓடிவந்துவிட்டானாம். அவனுடைய வக்கீல் அதையே கோட்டுப் போட்டுக்கொண்டு அழகாகச் சொன்னார். அரசு வக்கீலும் அவரும் ஒரு மூலையில் நின்று பேசினார்கள். பூட்டிய கடைக்குள் புகுந்த குற்றத்தை அவன் ஒத்துக்கொள்வது, தீ எப்படிப் பிடித்தது என்ற கேள்வியைக் கிளறாமல் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. மேஜைக்கு மேல் எல்லாம் சுத்தம்.

அக்கா வராந்தாப் பெஞ்சில், வயர் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் சொல்லவேண்டும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அரசு வக்கீல் வெளியே வந்தபோது எழுந்து போய்க் கேட்டாள்.

"சார், என் தரப்ப யார் சார் சொல்றது?"

"நாங்கதானேம்மா உங்க தரப்பு."

"அப்ப பெட்டி அணைஞ்சுதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க சார். வயர் இதோ இருக்கு."

"அது இப்ப தேவைப்படலம்மா. அவன் ஒத்துக்கிட்டான். உள்ள போறான். நீங்க ஜெயிச்சிட்டீங்க, வீட்டுக்குப் போங்க."

ஜெயித்துவிட்டாளாம்! எரிந்தது அவள் கடை, போனது அவள் பெயர், ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் அவளுக்கு ஒரு நாற்காலி கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. அவன் சட்டத்துக்கு எதிராகத்தான் குற்றம் செய்தானாம், சட்டம் அவனைத் தண்டித்துவிட்டதாம், கணக்கு நேராகிவிட்டதாம். நடுவில் இவள் யார்? வேடிக்கை பார்க்க வந்தவள்! மறுநாள் பத்திரிகையில் ஓர் ஓரத்தில் செய்தி வந்தது. அதில், தீ இஸ்திரிப் பெட்டியால் ஏற்பட்டதாகக் கோர்ட்டில் சொல்லப்பட்டது என்று ஒரு வரி. முன்னே வெறும் வதந்தி. இப்போது அதற்குக் கோர்ட் முத்திரையும் கிடைத்துவிட்டது.

கட்டடச் சொந்தக்காரர் கடையைப் புதுப்பித்தார். ஆனால் அவளுக்குத் தரமாட்டேன் என்றுவிட்டார். "தப்பா நினைக்காதீங்க, மாடில குடித்தனம் இருக்கு, குழந்தைங்க இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றைக்கு அங்கே செல்போன் கடை. அக்கா ஓர் ஆஸ்பத்திரியின் லாண்டரியில் கூலிக்குச் சேர்ந்தாள். படுக்கை விரிப்புகளை உருளைக்குள் விட்டு மறுபக்கம் வாங்குகிற வேலை. மடிப்பும் கிடையாது, காலரும் கிடையாது. "இந்தத் துணிக்கெல்லாம் ஆளே இல்லடி" என்று ஒருநாள் சொன்னாள். அவள் குறை சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் கடை போனதைவிட அவளை அரித்தது மருந்துக்கடைக்காரிதான். தீப்பிடித்த நாளிலிருந்து அவள் பேசவில்லை. அக்கா தலைவலி மாத்திரை வாங்கப் போனால், பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவாள். வேலைக்கு நிற்கும் பெண் எடுத்துக் கொடுப்பாள். தலைவலியே இல்லாமல்கூட அக்கா போய் நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியும். கல்லாவுக்குப் பின்னால் அந்த ஆணி மட்டும் மொட்டையாக இருக்கும். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், அவள் ஒருத்தி நம்பவேண்டும் என்பதே என் அக்காவுக்கு வேண்டியிருந்தது. அதற்காக அவன் இன்னும் பத்து வருஷம் உள்ளே கிடக்கவேண்டும் என்றெல்லாம் அவள் கேட்கவே இல்லை. நான் கேட்டேன். தினமும் கேட்டேன்.

அவன் வெளியே வந்து சில மாதம் கழித்து ஓர் அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, பக்கத்தில் குழந்தை தூங்குகிறதோ என்று நினைக்கும்படி மெதுவான பேச்சு. சீரமைப்பு நீதி என்று ஒரு முறை இருக்கிறதாம். குற்றம் செய்தவரும் அதனால் அடிபட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்து, என்ன நடந்தது, யாருக்கு என்ன ஆயிற்று, அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று பேசுவதாம். வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவார்களாம். வார்த்தைக்கு வார்த்தை வட்டம், வட்டம் என்றதால் நான் அவளுக்கு வட்டத்தம்மா என்று பெயர் வைத்துவிட்டேன்.

"சீரமைப்புன்னா எப்படி? ரோடு போடுற மாதிரியா? மேலாக்கத் தார ஊத்தி மெழுகிட்டுப் போயிருவீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க கோபப்படுறது நியாயம்தான்" என்றாள் வட்டத்தம்மா.

"நியாயம்னு உங்ககிட்ட சர்டிபிகேட் கேட்டேனா? டீயும் பிஸ்கட்டும் குடுத்து, மன்னிப்பு கேளுப்பா, மன்னிச்சிரும்மா, கைய குலுக்குங்கன்னு போட்டோ எடுத்துப் போடுவீங்க. எங்க அக்கா அதுக்கு ஆள் இல்ல."

"மன்னிக்கச் சொல்லி யாரும் கேக்க மாட்டோம். மன்னிக்காமலே எழுந்து போகலாம். இது அவர் விரும்பிக் கேட்டது. உண்மையச் சொல்லணுமாம்."

அதுவரை வாய் திறக்காத அக்கா நிமிர்ந்தாள். "பெட்டி பத்திச் சொல்றானா?"

"சொல்றேன்னு சொல்றார்."

"எங்க வச்சு?"

"எங்க ஆபீஸ்ல ஒரு அறை இருக்கு. ரகசியமா நடக்கும். அங்க பேசினத வெளிய யாரும் சொல்லக்கூடாது, அது விதி. அப்பத்தான் மனசு விட்டுப் பேசுவாங்க."

என் அக்காவா இது என்று நான் மலைக்கும்படி பேசினாள். "என்னைப் பத்திப் பொய் சொன்னப்ப கோர்ட்ல சொன்னீங்க. பேப்பர்ல போட்டீங்க. தெரு பூரா சொன்னீங்க. உண்மை மட்டும் கதவச் சாத்திக்கிட்டு என் காதுல சொல்லுவீங்களா? அது எனக்கு ஏற்கெனவே தெரியுமேம்மா. பெட்டிய அணைச்சது நான்தானே? தெரியாதவங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க. என் தெருவுல சொல்லட்டும், அவங்க முன்னால சொல்லட்டும். இல்லாட்டி வேணாம்."

அந்தம்மாள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள், மூடினாள், திரும்ப வைத்தாள். "கேட்டுப் பாக்குறேன்" என்று எழுந்தாள். சும்மா சொல்லக்கூடாது, கேட்டாள். பார்சல்காரனுடைய வக்கீல் குதித்தாராம். இன்னும் கண்காணிப்பில் இருப்பவன், ஊர் முன்னால் தீ வைத்தேன் என்று சொன்னால் மறுபடி சிக்கல் வரும், வாயைத் திறக்காதே என்றாராம். அவன், வந்தால் வரட்டும் என்று ஒத்துக்கொண்டானாம். எனக்கு நம்பிக்கை இல்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் இடம் நான் தருகிறேன் என்றேன். என் கண்ணெதிரே நடந்தால்தானே எகிறிப் பிடிக்க முடியும்!

அப்படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், அதே தெருவில் இருக்கும் என் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில், சுவர் முழுக்க நில், கவனி, வழிவிடு என்று மாட்டியிருக்கும் படங்களுக்கு நடுவே, வட்டமாக நாற்காலிகள் போட்டோம். அக்கா, நான், வட்டத்தம்மா. கட்டடச் சொந்தக்காரர் வந்தார், தையல்காரர் வந்தார். மருந்துக்கடைக்காரி வரமாட்டாள் என்று நினைத்தேன். கடையை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு வந்து கதவோர நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசியாகப் பார்சல்காரன். இப்போது தண்ணீர் கேன் போடுகிற வேலையாம். மெலிந்து, தோள்பட்டை இறங்கிப்போய் இருந்தான். பாவமாக இருந்தான் என்று எழுதினால் என் கை கூசும், எழுதமாட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தான்.

"தீ நான்தான் வச்சேன். அக்கா பெட்டில இல்ல. அலமாரில கறை எடுக்குற ஸ்பிரிட் கேன் இருந்துச்சு, அத ஊத்திப் பத்த வச்சேன். திருடப் போகல. எரிக்கத்தான் போனேன்."

"பெட்டி?" என்றாள் அக்கா.

"பெட்டி ஜில்லுன்னு இருந்துச்சுக்கா. பெட்டியாலயே எரிஞ்ச மாதிரி செஞ்சிரலாம்னு மொதல்ல அதத்தான் போடப் பாத்தேன். வயர் இல்ல. மேசைக்கு அடில, டிராயர்ல, எல்லா இடத்துலயும் தேடினேன். கடை பூராவும் ஒரு வயர் கூட இல்ல. போலீஸ்ல பொய் சொன்னேன். வக்கீல் அதையே பிடிச்சுக்கிட்டாரு."

தையல்காரர் செருமிக்கொண்டார். "டேய், எதுக்குடா? அவ உனக்கு என்னடா பண்ணினா?" என்று எழுந்துவிட்டேன். வட்டத்தம்மா கையால் என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை.

"என் சட்டைப்பைல ஒரு கம்மல் இருந்துச்சு" என்றான். "ஒத்தக் கம்மல். என் சம்சாரத்தோடது இல்ல. அக்கா அத உறைல போட்டு, சட்டையிலயே குத்தி வச்சிருந்தாங்க. சட்டைய வாங்க அன்னைக்கு அவ போயிட்டா. அப்படியே குழந்தையத் தூக்கிக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. எனக்கு அக்கா மேல அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு. குடிச்சிட்டு வந்து..."

கேட்டீர்களா கதையை! பையில் வைத்தவன் அவன், வீட்டுக்குத் துரோகம் பண்ணியவன் அவன், எரிந்தது என் அக்காவின் பிழைப்பு. அக்கா மட்டும் நிதானமாகக் கேட்டாள்.

"நான் அத எடுத்து ஒளிச்சு வச்சிருக்கணும்னு நினைக்கிறியா?"

"இல்லக்கா."

"இனிமே கடை வச்சாலும் குத்தித்தான் அனுப்புவேன்."

"அனுப்புங்கக்கா."

"இப்ப எதுக்கு வந்து சொல்ற? உள்ள இருந்துட்டு வந்தாச்சு. உன் கேஸ்தான் முடிஞ்சிருச்சே?"

அவன் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தான். "நானும் அப்படித்தான்க்கா நினைச்சேன். வெளிய வந்து கேன் எடுத்துக்கிட்டு மொத நாள் இந்தத் தெருவுக்கு வந்தேன். இவரு" என்று தையல்காரரைக் காட்டினான், "இவரு என் தோளத் தட்டி, 'பாவம்ப்பா, அந்தம்மா பண்ணின தப்புக்கு நீ உள்ள போயிட்டு வந்திருக்க'ன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தாரு. எனக்கு அந்த டீ இறங்கல. அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, நான் உள்ள இருந்த அத்தனை நாளும் நீங்க வெளியவே ஜெயில்ல இருந்திருக்கீங்கன்னு."

தையல்காரரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! ஊசியில் நூல் கோக்கிறவர்போல் கண்ணை இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தது அசிங்கம்.

"நான் சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன்" என்றார் அவர். "எனக்கு அப்பவே தெரியும்மா. மடிப்பக்கா அப்படியெல்லாம் மறக்குற ஆளா?"

"எனக்கும் சந்தேகமே இல்ல" என்றார் கட்டடச் சொந்தக்காரர். "மாடில இருந்தவங்கதான் பயந்தாங்க. நான் என்ன பண்றது?"

ஆளாளுக்குக் கை கழுவிக்கொண்டார்கள்! யாருமே நம்பவில்லையாம், யாருமே சொல்லவில்லையாம், எல்லோருக்கும் அப்போதே தெரியுமாம். அப்படியானால் என் அக்கா இத்தனை நாள் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் நடந்தது யாருக்குப் பயந்து? சுவருக்கா? நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்தாள். என் அக்கா கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"வாய மூடுங்க எல்லாரும்! இந்தப் பய என் கடைய எரிச்சான். எரிச்சேன்னு சொல்றான். அவன் மூஞ்சியப் பாக்க எனக்குப் பிடிக்கல, ஆனா அவன்கிட்ட எனக்கு ஒரு பதில் கிடைச்சுது. நீங்க? வயரப் பைல போட்டுக்கிட்டு போறப்ப தினம் பாத்துச் சிரிச்சவங்கதானே நீங்க? எத்தனை வருஷம் பாத்தீங்க? ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'இல்ல, அவ கழட்டியிருப்பா'ன்னு சொன்னீங்களா? இப்ப தெரியுமாம், அப்பவே தெரியுமாம்! தெரிஞ்சு வச்சுக்கிட்டா சும்மா இருந்தீங்க? அப்ப அவனவிட நீங்க மோசம்!"

வட்டத்தம்மா தடுக்கவில்லை. அந்த ஒன்றுக்காக அவளுக்கு ஒரு கும்பிடு போடலாம். கட்டடச் சொந்தக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரர் வியர்வையைத் துடைத்தார். கதவோரத்திலிருந்து மருந்துக்கடைக்காரி பேசினாள். அவள் குரலைக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது!

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

அக்கா திரும்பினாள்.

"அன்னைக்குத் தீயணைக்குற ஆளு, 'எப்படிப் பிடிச்சுது'ன்னு கேட்டாரு. இஸ்திரிப் பெட்டிய அணைக்காம போயிட்டான்னு மொதல்ல சொன்னது நான்தான். எனக்கு எதுவும் தெரியாது. நான் எதையும் பாக்கல. உள்ள அவரு கோட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. யார் மேலயாவது ஆத்திரப்படணும் போல இருந்துச்சு. நீ கிட்ட இருந்த. அப்புறம் கேமராவுல இவன் ஓடுறதப் பாத்தேன். பாத்தப்புறமும் மாத்திச் சொல்லல. மாத்திச் சொன்னா, நான் உனக்குப் பண்ணினத நான் ஒத்துக்கணுமே. அதுக்குத் தைரியம் இல்லாம, நீ கடைக்கு வந்தா உள்ள போயிடுவேன்."

எனக்கு அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. ஒரே பிளாஸ்க் டீ குடித்தவள்! ஊர்க்காரர்கள் வேறு, இவள் வேறு. அக்கா அழுவாள், கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். நல்லவேளை, அதெல்லாம் நடக்கவில்லை.

"கோட்டு என் கைல இருந்தப்பதான் போச்சு" என்றாள் அக்கா. "எனக்கும் நெஞ்சு பதறிச்சு. அத வந்து உன்கிட்ட சொல்லணும்னு எத்தனை தடவை வந்து நின்னேன் தெரியுமா? ஒரு தடவை கூட நீ சொல்ல விடல."

"ஆமா. விடல."

"யார் யார்கிட்ட சொன்ன?"

மருந்துக்கடைக்காரிக்கு முதலில் புரியவில்லை. பிறகு சொன்னாள். மளிகைக்கடைக்காரரிடம் சொன்னது, மாடிக் குடித்தனத்திடம் சொன்னது, மருந்து வாங்க வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் சொன்னது, பத்திரிகைக்காரன் போன் செய்தபோது ஆமாம் என்றது.

"அவங்க எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லு" என்றாள் அக்கா.

"சொல்றேன்."

"என்னைக்கு?"

மருந்துக்கடைக்காரி எழுந்து நின்றாள். "இப்பவே போறேன்."

வட்டத்தம்மா ஏதோ சொல்ல வந்தாள். வட்டம் இன்னும் முடியவில்லை, கடைசியில் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது என்கிற மாதிரி. அக்கா, "அவ போகட்டும்மா" என்றாள். அப்போது பார்சல்காரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நானும் கூடப் போகட்டுமாக்கா? அவங்க மட்டும் சொன்னா நம்ப மாட்டாங்க."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். தேய்க்க வந்த சட்டையைப் பார்க்கிற பார்வை. "போ" என்றாள்.

இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான் வாசலுக்கு ஓடினேன். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை, பாதி வழியில் நழுவிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அக்கா என் பின்னால் வந்து, என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது. மளிகைக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மருந்துக்கடைக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் போய் நின்றாள். கடைக்காரர், "என்னம்மா வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணாம்" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கிற குரலில். "மடிப்பக்கா கடைக்குத் தீ வச்சது இவன். அவளுக்குத் தீ வச்சது நான்."